பெருசு வருது

என் மாப்பிள்ளை பல் டாக்டர். மனிதர்களின் வாயைப் பார்த்துச் சம்பாதித்து, மீன்களின் வாயில் போடுகிறவர். அதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. அவர் சம்பாத்தியம், அவர் மீன். என் ஆட்சேபமெல்லாம் இலக்கணத்தில்தான்.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவன். ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். எனக்குத் தெரிந்த தமிழில் மீன் அஃறிணை. மீன் வந்தது, மீன் தின்றது, மீன் செத்தது. இந்த வீட்டில் அப்படி இல்லை. இங்கே மீன் வருகிறார், மீன் சாப்பிடுகிறார், சில நாள் மீனுக்கு மனசு சரியில்லாமலும் போய்விடுகிறது.

"மஞ்சளார் காலைலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல மாமா. கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டேங்கறாரு."

மஞ்சளார் என்றால் யாரோ பழைய புலவர் என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளங்கை அகலத்தில், எலுமிச்சம்பழ நிறத்தில், தட்டையாக ஒரு கடல் மீன். ஹாலில் சோபாவுக்கு எதிரே இருக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் அவரைத் தவிர ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி ஒன்றும் உண்டு. அவர்கள் ஐயா, அம்மணி. பார்த்தீர்களா, எனக்கே "அவர்கள்" வந்துவிட்டது. இந்த வீட்டில் இருந்தால் யாருக்கும் இலக்கணம் கெட்டுப்போகும்.

மாப்பிள்ளை க்ளினிக்கிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்ற மாட்டார். நீளக் காம்பு வைத்த பல் பார்க்கும் கண்ணாடியைத் தண்ணீருக்குள் விட்டு, கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவரைத் தேடுவார். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க சார். அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு" என்பார். அதன் பிறகு, போகிற போக்கில் என் பக்கம் ஒரு கேள்வி வரும்.

"மாமா, சாப்பிட்டாச்சா?"

இந்தச் சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சாப்பிட்டாயா என்றால் ஒருமை. சாப்பிட்டீர்களா என்றால் மரியாதை. சாப்பிட்டாச்சா என்றால் யார் சாப்பிட்டது? யாரும் இல்லை. குப்பை போட்டாச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா என்பது போல, ஒரு வேலை முடிந்ததா என்று மட்டும் கேள்வி. மீனுக்குச் "சாப்பிட்டாரா", மாமனாருக்குச் "சாப்பிட்டாச்சா". எல்லா வீட்டிலும் அப்படித்தான் கேட்கிறார்கள் என்று என் மகள் சொல்வாள். எல்லா வீட்டிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பக்கத்தில் ஒரு மீன் இருப்பதில்லை.

இப்படி நான் சொல்லுக்குச் சொல் குற்றம் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. மனைவி போன பிறகு, "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்தவன் நான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான் வருஷக்கணக்கில் இருக்கிறேன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன், அந்த வளையையும் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஒரே மகள். இங்கிருந்து போவதென்றால் போக வேறு இடம் கிடையாது. கொண்டுவந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றை இன்னும் பிரிக்கவில்லை. அது கட்டிலுக்கு அடியில், கட்டின கயிறு கட்டினபடியே இருக்கிறது. ஏன் பிரிக்கவில்லை என்று மகள் கேட்டால், "அதுல ஒண்ணும் இல்லம்மா, பழைய துணிதான்" என்பேன்.

மகள் வேலை பார்ப்பது இன்ஷூரன்ஸ் கம்பெனியில். வீடுகளுக்கு நேர்ந்த சேதத்தைப் போய்ப் பார்த்து மதிப்புப் போடுகிறவள். அதிலும் தண்ணீர்ச் சேதம் அவள் பிரிவு. குழாய் வெடித்த வீடு, டாங்க் உடைந்த வீடு, ஊறி உப்பின கதவு, பூத்துப்போன சுவர் என்று நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வருகிறவள், வீட்டுக்குள் நுழைந்ததும் பார்ப்பது புருஷனின் தொட்டியை. மஞ்சளார் வளர்ந்துவிட்டார், நீந்த இடம் போதவில்லை, திரும்பினால் மூக்கு இடிக்கிறது, ஆகவே பெரிய தொட்டி ஒன்று வாங்கலாமா என்று மாப்பிள்ளை ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்.

"இருக்கிறதுக்கு மேல ஒரு சொட்டுத் தண்ணி இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்றாள் மகள். மாப்பிள்ளையும் "சரி, சரி" என்று தலையை ஆட்டிவிட்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று நான் நினைத்துவிட்டேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என் மாப்பிள்ளை என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் பால்கனியில் துண்டை எடுக்கப் போனேன். மாப்பிள்ளை கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, போனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். தாழ்ந்த குரலில் பேசினால்தானே காது தானாக நீளும்.

"அண்ணே, பெருசு என்னைக்கு வருது? சனிக்கிழமை காலைலயா? ரொம்ப நல்லதாப் போச்சு. இல்லண்ணே, வீட்ல அவளுக்கு இன்னும் தெரியாது. வந்து இறங்கினப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம்."

பெருசு என்று கேட்டதும் நின்றுவிட்டேன். பெருசு என்பது அஃறிணைச் சொல்தான். ஆனால் தெருவில் எந்தக் கிழவனும் அந்தச் சொல்லுக்குத் தப்பினதில்லை. பஸ்ஸில் என்னையே எத்தனை பேர் "பெருசு, தள்ளி நில்லு" என்றிருக்கிறார்கள்.

"பழசா? அது இனிமே ஆகாதுண்ணே. ஒரு ஓரமா ஒழுக ஆரம்பிச்சிருச்சு. தொடைக்கத் தொடைக்க மறுபடியும் வருது."

எனக்குத் தீராத ஜலதோஷம். அந்த நேரம் கைக்குட்டை மூக்கில்தான் இருந்தது.

"யாராவது கேட்டா சும்மாவே குடுத்துடலாம். எடுத்துட்டுப் போனாப் போதும்" என்று சொல்லிச் சிரித்தார் மாப்பிள்ளை. பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் சிரிக்கிற அதே சிரிப்பு. "பெருசுக்கு உள் ரூம் ஒண்ணுதான் சரிப்படும். ஹால் தரை தாங்காது. அங்க இருக்கிறதைக் கொஞ்சம் ஒதுக்கிட்டாப் போதும். தூக்கிட்டு வர ஆறு பேர் வேணுமா? லிஃப்ட்ல அடங்காது, படிலதான் வரணும். ஆமாண்ணே, வந்ததும் ஒரு மாசத்துக்கு உப்புத் தண்ணி மட்டும்தான். வேற எதுவும் உள்ள போடக் கூடாது. அவசரப்பட்டா உயிர் போயிரும்."

துண்டை எடுக்காமலே திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். எனக்கு விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டது.

பழசு நான். அதில் சந்தேகம் இல்லை. ஒழுகுவது வரைக்கும் சரியாக இருந்தது. பெருசு, என் சம்பந்தி. மாப்பிள்ளையைப் பெற்றவர். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். ஆளும் பெரியவர், குரல் அதைவிடப் பெரியது. அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் அடுத்தவர் உட்காருவதற்கு முன்னால் ஒரு தரம் ஆட்டிப் பார்ப்பது குடும்பத்தில் வழக்கம். அவர் லிஃப்டில் அடங்காதது, படியில் தூக்க ஆள் வேண்டியிருப்பது, தரை தாங்காதது எல்லாம் சரியாகப் பொருந்தியது. அவருக்குப் பெண்சாதி இல்லை, தனியாக இருக்கிறார். அவருக்குப் பக்கத்து வீட்டில் இருப்பது மாப்பிள்ளையின் பெரியப்பா மகன். போனில் பேசிய "அண்ணே" அவர்தான். உப்புத் தண்ணீர் மட்டும் இடித்தது. பிறகு, இளைப்பதற்கு ஏதோ இயற்கை வைத்தியம் போலிருக்கிறது என்று அதையும் பொருத்திவிட்டேன். பிழை பிடிப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு வரியை ஒரு தரம் தப்பாகப் படித்துவிட்டால், பக்கம் முழுவதும் அதற்கு ஏற்றபடியே தெரியும்.

கேட்டிருக்கலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். கேட்டால், "ஆமாம் மாமா" என்று அவர் சொல்லிவிட்டால்? அந்தப் பயம்தான். மானஸ்தன் என்று பெயர் எடுத்தவன், வெளியே போ என்று சொல்லக் கேட்டுவிட்டுப் போவதைவிட, சொல்வதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கே போவது என்பதைப் பிறகு யோசிக்கலாம் என்று விட்டேன்.

போவதற்கு முன்னால் சம்பந்திக்கு ஒரு போன். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன.

"என்ன சம்பந்தி, சனிக்கிழமை வர்றீங்களாமே?" என்றேன்.

"நானா? எங்க?" போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தும் கேட்டது.

"தெரியாத மாதிரியே கேக்கறீங்க பாருங்க. பெருசு சனிக்கிழமை காலைல வருதுன்னு உங்க பையன் சொல்லிக்கிட்டிருந்தாரு. நானே என் காதால கேட்டேன். ரூம் முதக்கொண்டு தயார்."

மறுமுனையில் சத்தமே இல்லை. அந்த மனிதர் அமைதியாக இருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என் பையனா சொன்னான்?"

"பின்ன, மீனா சொல்லும்? தரை தாங்குமான்னுகூடப் பாத்தாச்சு. ஆறு பேர் வச்சுத் தூக்கிட்டு வர ஏற்பாடு."

"என்னத்துக்குத் தூக்கணும்? நானே நடந்து வருவேனே!"

"அது எனக்குத் தெரியாது. ஆனா வந்ததும் ஒரு மாசம் உப்புத் தண்ணி மட்டும்தானாம்."

"எனக்குப் பிரஷர் சம்பந்தி! உப்பே ஆகாது!" என்று அலறினார். உடனே குரல் இறங்கியது. "பரவாயில்ல, அதை வந்து பேசிக்கலாம். பாத்தீங்களா, ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லாம எல்லாம் செஞ்சிருக்கான். எங்கிட்ட சொன்னா வேணாம்னு சொல்லிடுவேன்னு நெனச்சிருப்பான். நீங்க சொன்னதா காட்டிக்காதீங்க. நானும் தெரியாத மாதிரியே வந்து எறங்கறேன்."

போனை வைத்தபோது எனக்கு வயிற்றெரிச்சல் தீரவில்லை. கூடத்தான் ஆகியிருந்தது. அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலையில் மகள் எங்கேயோ மொட்டை மாடி ஒழுகின வீட்டைப் பார்க்கப் புறப்பட்டுப் போனாள். மாப்பிள்ளை க்ளினிக்குக்கு லீவு போட்டுவிட்டு, ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். நான் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, பிரித்த பெட்டியை மறுபடி கட்டி, பிரிக்காத பெட்டியை வெளியே இழுத்து, இரண்டையும் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளை இரண்டு தடவை பெட்டிகளைத் தாண்டிப் போனார், கவனிக்கவே இல்லை. ஆளைத்தான் கவனிக்கவில்லை என்றால் பெட்டியையும் கவனிக்கவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. படிக்கட்டில் அந்தக் குரல் கேட்டது.

"ஒன்... டூ... தூக்கு! ஒன்... டூ... திரும்பு! யாருய்யா அது, இடது கால் வலது கால் தெரியாதா?"

கதவு திறந்தது. சம்பந்தி பின்பக்கமாக நடந்து உள்ளே வந்தார். கையில் பெட்டி, கழுத்தில் விசில். அவருக்கு எதிரே, கம்பளி சுற்றின பெரிய கண்ணாடிப் பெட்டி ஒன்றைப் பிடித்தபடி ஆறு பேர், மூச்சு வாங்கிக்கொண்டு. என் கட்டில் அந்தப் பெட்டிக்குள் தாராளமாக அடங்கும்.

"அப்பா?" என்றார் மாப்பிள்ளை. முகத்தில் ரத்தமே இல்லை. "நீங்க எப்படி இங்க?"

"நடிக்காதடா. நீதானே வரச் சொன்னே."

"நானா?"

"சம்பந்தி எல்லாத்தையும் சொல்லிட்டாரு." என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை.

மூட்டை தூக்குகிறவர்கள் உட்பட எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"நீங்கதானே மாப்ளே போன்ல சொன்னீங்க? பெருசு வருது, பழசைத் தள்ளிவிட்டுடலாம்னு."

மாப்பிள்ளையின் வாய் திறந்து மூடியது. தொட்டிக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்த மஞ்சளாரும் அதேபோலத் திறந்து மூடினார். மாப்பிள்ளை மெதுவாகக் கையை நீட்டிக் கம்பளி சுற்றின பெட்டியைக் காட்டினார்.

"மாமா... பெருசு... இதுதான்."

"அப்ப பழசு?"

கை ஹால் தொட்டியின் பக்கம் திரும்பியது.

"ஒழுகுதுன்னு சொன்னீங்களே?"

"தொட்டிதான் மாமா. மூலைல பசை விட்டுப்போச்சு."

"நான் மூக்குன்னு நெனச்சேன்."

"சார், மொதல்ல எங்க வைக்கறதுன்னு சொல்லிட்டுப் பேசுங்க. கை விட்டுப்போகுது" என்றார் முன்னால் பிடித்திருந்தவர்.

இந்த இடத்தில் சம்பந்தி சும்மா இருந்திருக்கலாம். அவர் வாழ்க்கையில் சும்மா இருந்ததில்லை. "ஒன்... டூ... வலது பக்கம் திரும்பு!" என்றார், விசிலையும் ஊதினார். விசில் சத்தத்தில் மூன்று பேர் வலது பக்கமும் மூன்று பேர் இடது பக்கமும் திரும்பினார்கள். புதுத் தொட்டியின் முனை பழைய தொட்டியின் ஒழுகுகிற மூலையில் லேசாக இடித்தது. லேசாகத்தான். பழசுக்கு அது போதும்.

கடல் ஹாலுக்குள் வந்தது. முதலில் ஒரு கோடாக, பிறகு மொத்தமாக. செருப்பு மிதந்தது. என் பெட்டிகள் நனைந்தன. கல்லும் மணலும் சரிந்தன. சரியாக அந்த நேரத்தில், பார்க்கப் போன வீடு பூட்டியிருந்ததால், அளவு டேப்பும் கேமராவும் தோளில் தொங்க, என் மகள் வாசலில் வந்து நின்றாள்.

வாழ்க்கையில் எத்தனையோ ஈர வீடுகளைப் பார்த்தவள். தண்ணீர் வெளியே வந்துகொண்டிருக்கும்போதே பார்ப்பது அன்றைக்குத்தான். கத்தப் போகிறாள் என்று எல்லோரும் தோளைக் குறுக்கிக்கொண்டோம்.

"பிளக்கைப் புடுங்குங்க மொதல்ல" என்றாள். "எல்லாத்தையும். அப்புறம் பேசிக்கலாம்."

மாப்பிள்ளை பாய்ந்து பிடுங்கினார். மகள் தண்ணீரில் இறங்கிச் சமையலறைக்குப் போய்ப் பெரிய பாத்திரத்தோடு வந்தாள். ஐயாவும் அம்மணியும் தொட்டியின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரில் துடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அந்தத் தண்ணீரோடு சேர்த்து மொண்டாள். மஞ்சளாரைக் காணோம்.

"அவர் எங்க? அவர் எங்க போனாரு?" என்று மாப்பிள்ளை தரையில் தவழ்ந்தார்.

அவர் என் அறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். தண்ணீர் போன போக்கில் வழுக்கிக்கொண்டு, என் கதவு நிலையில் முட்டி, பக்கவாட்டில் படுத்து வாலை அடித்துக்கொண்டிருந்தார். நான்தான் பக்கத்தில் இருந்தேன். குனிந்தேன்.

"வாலைப் பிடிக்காதீங்க மாமா! கத்தி வச்சிருக்காரு!"

இந்த ஜாதி மீனுக்கு வால் அடியில் கத்தி மாதிரி ஒரு முள் உண்டாம். கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, அதில் அள்ளி எடுத்தேன். துவைத்த கைக்குட்டைதான், சந்தேகம் வேண்டாம். "போயிராதீங்க, போயிராதீங்க" என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான்தான்.

என் குளியலறையில் இருந்த அகலமான டப்பை இழுத்துப் போட்டேன். மாப்பிள்ளை வாராவாரம் தண்ணீர் மாற்றுவதற்காகப் பால்கனியில் உப்புக் கலந்து வைத்திருந்த டிரம்மிலிருந்து பக்கெட் பக்கெட்டாகக் கொண்டுவந்து ஊற்றினார். கைக்குட்டையை உள்ளே விட்டு விரித்தேன். மஞ்சளார் சாய்ந்து கிடந்தார். பிறகு ஒரு பக்கத் துடுப்பை அசைத்தார். பிறகு நிமிர்ந்தார். மாப்பிள்ளை என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"சார்!" என்று ஹாலிலிருந்து கதறல். ஆறு பேரும் புதுத் தொட்டியை இன்னும் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

"என் ரூம்ல கொண்டுவந்து வைங்கப்பா" என்றேன். "அந்தச் சுவர் பக்கமா."

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. தண்ணீரைத் துடைத்துப் பிழிந்து முடித்தபோது எல்லோரும் ஹாலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். மகள் நடுவில்.

"சொல்லுங்க" என்றாள் புருஷனிடம்.

மாப்பிள்ளை சொன்னார். பழைய தொட்டி எப்படியும் விட்டுப்போகும் நிலையில் இருந்தது. மீன்கடை அண்ணனிடம் புதுசு சொல்லிவைத்தார். பெரிய தொட்டியின் பாரத்தை ஹால் தாங்காது. கட்டிடக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியதில், பாரம் தாங்கும் உத்தரம் ஓடுவது உள் அறைச் சுவர் ஒன்றுக்கு அடியில்தான் என்றார். வெயிலும் படாது.

"அது அப்பா ரூம்" என்றாள் மகள்.

"அதான். மாமாகிட்ட கேக்கணும் கேக்கணும்னு தினமும் நெனப்பேன். ரூமுக்கு வேற ஆள் வருதுன்னு, தன்னைக் காலி பண்ணச் சொல்றோம்னு நெனச்சுக்குவாரோன்னு பயம். கிட்ட போவேன், வாய் வராது. சாப்பிட்டாச்சான்னு கேட்டுட்டு வந்துடுவேன்."

நான் தரையைப் பார்த்தேன். அந்தக் கேள்வியை நான் எத்தனை நாள் பிரித்து மேய்ந்திருக்கிறேன். அதற்குள் ஒரு மனிதன் வேறு ஒன்றைக் கேட்க முடியாமல் நின்றுகொண்டிருந்தது என் கண்ணுக்குப் படவில்லை.

மகளின் கண் அப்போதுதான் என் பெட்டிகளின்மேல் விழுந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டு இரண்டும் நின்றன.

"இது என்னப்பா?"

"ஒண்ணும் இல்லம்மா."

"எங்க கிளம்பினீங்க?"

பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. "தெரியலம்மா" என்றேன். "என்னைப் பழசுன்னு சொன்னதா நெனச்சுட்டேன். நீங்க போகச் சொல்றதுக்கு முன்னாடி போயிரலாம்னு. ரொம்ப பயமா இருந்துச்சு."

அவள் என்னைத் திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பிரிக்காத பெட்டியின் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். பல் டாக்டர் பெண்சாதி செய்யக்கூடாத காரியம். உள்ளே இருந்த என் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, பால்கனிக் கொடியில் போட்டாள். "பழைய துணிதானாம்" என்று சொல்லிக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷம் எங்கள் பரம்பரை.

சம்பந்தி வயிறு குலுங்கச் சிரித்தார். "உப்புத் தண்ணி! எனக்கு! ஒரு மாசம்!" சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர், சட்டென்று நிறுத்தினார். பக்கத்தில் இருந்த தன் பெட்டியைப் பார்த்தார்.

"அப்படின்னா," என்றார், அந்தக் குரல் இவ்வளவு சின்னதாகவும் வரும் என்று எனக்குத் தெரியாது, "என்னை யாரும் கூப்பிடல."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனிதர் போனில் சந்தோஷப்பட்டது என் காதுக்குள் இன்னும் இருந்தது.

"ஏன், நான் கூப்பிட்டேனே சம்பந்தி" என்றேன். "போன் பண்ணியே கூப்பிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

மகளுக்குக் கீழ்வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கும் வேலை வந்து சேர்ந்தது. தண்ணீர்ச் சேதம் பார்க்கிறவள் வீட்டிலேயே தண்ணீர்ச் சேதம் என்று அவள் ஆபீசில் இன்னும் சிரிக்கிறார்களாம். சம்பந்தி ஹால் சோபாவில் படுக்கிறார், சோபாவைத் தினமும் காலையில் ஆட்டிப் பார்க்கிறோம். என் கட்டில் ஜன்னல் பக்கம் நகர்ந்தது. எதிர்ச் சுவரில், சுவர் நீளத்துக்குப் பெருசு. பழைய தொட்டியின் கல், மணல் எல்லாம் அதிலேயே போட்டு, உப்புத் தண்ணீர் நிரப்பி, போனில் சொன்ன அந்த ஒரு மாசம் தண்ணீர் பக்குவப்படக் காத்திருந்தார் மாப்பிள்ளை. அந்த நாட்களில் மஞ்சளார் டப்பில், என் கட்டிலுக்குப் பக்கத்தில். ஐயாவும் அம்மணியும் சமையலறையில், மகளின் மேற்பார்வையில். டப்புக்குள் காற்றுக் குமிழ் விடும் மிஷின் நின்றுவிட்டதா என்று பார்ப்பது என் பொறுப்பு.

ஒரு வழியாக அவரைப் பெருசுக்குள் விட்டோம். டப்பிலிருந்த தண்ணீரில் புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, பழக்கிப் பழக்கித்தான் விட வேண்டுமாம். விட்டதும் மஞ்சளார் நேரே கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். அவ்வளவு பெரிய இடத்தில் ஒரு மூலை போதும் என்று நின்றார். தீனி போட்டால் வரவில்லை. நான் பல் கண்ணாடியை எடுத்துவந்து உள்ளே விட்டுப் பார்த்தேன்.

"தொந்தரவு பண்ணாதீங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. "புது எடமாச்சே, பயமா இருக்கும். இது தன்னோட எடம்தான்னு தெரியறதுக்குக் கொஞ்சம் நாளாகும். நாம பக்கத்துல இருந்தாப் போதும். அவரா வருவாரு."

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்றைக்குச் சாயங்காலம் நான் கட்டிலில் உட்கார்ந்து தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே தண்ணீரில் ஏதோ அசைந்தது. மஞ்சளார் வெளியே வந்து, கண்ணாடிக்கு அருகில் நின்று, என் வாயையே பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய், அவருடைய பாசித் துண்டைக் கிளிப்பில் மாட்டி உள்ளே விட்டேன். பிய்த்துப் பிய்த்துத் தின்றார். நான் திரும்பி வந்து என் தட்டை எடுத்துக்கொண்டேன்.

க்ளினிக்கிலிருந்து வந்த மாப்பிள்ளை கதவோரம் தலையை நீட்டினார்.

"என்ன மாமா, ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?"

ரெண்டு பேர் என்பது பிழை. ஒருவர் உயர்திணை, ஒன்று அஃறிணை. சேர்த்து எண்ணக் கூடாது. வேலையில் இருந்த காலத்தில் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் "திணை வழு" என்று எழுதியிருப்பேன்.

"சாப்பிட்டோம் மாப்ளே" என்றேன்.